உணவைக் குறைத்தும் புழுவின் ஆயுள் கூடவில்லையே, ஏன்?

கேள்வி: சி. எலிகன்ஸ் என்ற நுண்ணிய உருளைப்புழுக்களுக்கு உணவாக வைக்கும் ஓபி50 பாக்டீரியாவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துத் தட்டில் இட்டேன். வழக்கமான தட்டில் இருந்த புழுக்களைவிட இவை ஒரு நாள்கூட அதிகம் வாழவில்லை. எங்கே பிசகியது?

பதில்: ஒரு நாள் கழித்து அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மங்கலாக இட்ட பாக்டீரியாப் பொட்டு, பக்கத்துத் தட்டில் உள்ளதைப் போலவே வெளுத்துத் தடித்திருக்கும். புழு வளர்க்கும் கூழான சாதாரண என்ஜிஎம் அகாரில் லிட்டருக்கு 2.5 கிராம் பெப்டோன் என்ற புரதச் சத்து இருக்கிறது; அதைத் தின்று பாக்டீரியா பெருகிவிடுகிறது. பத்து மடங்குக் குறைவை ஈடுகட்ட அது நான்கு முறை இரட்டித்தாலே போதும். உங்கள் புழுக்கள் பட்டினி கிடக்கவே இல்லை.

பெப்டோன் சேர்க்காமல் அகார் தயாரியுங்கள். பாக்டீரியா பெருகாதிருக்க கனமைசின், கார்பெனிசிலின் ஆகிய ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் சேர்க்க வேண்டும். எல்பி என்ற வளர்ப்புத் திரவத்தில் இரவு முழுக்க வளர்ந்த பாக்டீரியா மில்லிலிட்டருக்குச் சுமார் 100 கோடி இருக்கும். அதைச் சென்ட்ரிஃபியூஜில் படியவைத்து, எஸ்-பேசல் என்ற உப்புக் கரைசலில் கழுவி, 1 லிட்டரை 10 மில்லிலிட்டராகச் செறிவாக்கினால் மில்லிலிட்டருக்கு 10,000 கோடி: இது முழு உணவு. இதை ஆயிரத்தில் ஒன்றாக நீர்த்தால் 10 கோடி: இது குறை உணவு.

ஒப்பீட்டுக் குழுவும் இதே பெப்டோன் இல்லாத, மருந்து சேர்த்த தட்டில்தான் இருக்க வேண்டும். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். உயிருள்ள ஓபி50 முதிய புழுவின் குடலில் பெருகி அதன் ஆயுளையே குறைக்கிறது. பெருக முடியாத பாக்டீரியாவைக் கொடுத்தாலே புழு கூடுதலாக வாழும். அதை உணவுக் குறைப்பின் பலன் என்று எழுதிவிடக் கூடாது.

இளம்புழுவில் தொடங்காதீர்கள். பொரித்ததும் பட்டினி போட்டால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். சற்றுப் பிந்தினால் உண்ணாமலே தாக்குப்பிடிக்கும் டாவர் நிலைக்குப் போகும். முதிர்ச்சியின் 4ஆம் நாள் தொடங்குவது நல்லது. 20 டிகிரியில் அதற்குள் முட்டைகளில் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். முன்னதாகக் குறைத்தால் முட்டைகள் வயிற்றிலேயே பொரித்துத் தாயைக் கொன்றுவிடும். எஃப்யுடிஆர் போட்டு முட்டைகளைத் தடுக்கலாம்தான். ஆனால் சில புழு வகைகளில் அந்த மருந்தே ஆயுளை மாற்றும். முட்டையிடும் நாட்களில் தாய்ப்புழுக்களைத் தினமும் புதுத் தட்டுக்கு மாற்றுவதே எங்கள் பரிந்துரை.

பசித்த புழு உணவு தேடி ஓடும், தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்துபோகும். விளிம்பைச் சுற்றிப் பால்மிட்டிக் அமிலம் பூசினால் பெரும்பாலும் திரும்பிவிடும். அப்படியும் காணாமல் போனவற்றையும், வயிற்றில் குஞ்சு பொரித்தவற்றையும் இயற்கை மரணமாக எண்ணாதீர்கள். தேதியோடு தனியே குறித்து, அந்த நாள் முதல் கணக்கிலிருந்து விலக்குங்கள். பிளாட்டினக் கம்பியால் மெல்லத் தொட்டும் தலை அசையாததே செத்த புழு.

ஈட்-2 திரிபுப் புழுவையும் உடன் வைத்துப் பாருங்கள். தொண்டைத் துடிப்பு மந்தமானதால் அது தானாகவே குறைவாக உண்டு அதிகம் வாழ்கிறது என்று 1998இல் காட்டினார்கள். ஆனால் அந்த ஆயுள் நீட்டிப்புக்கு ஆயுளைக் கட்டுப்படுத்தும் டாஃப்-16 மரபணு தேவையில்லை. தட்டில் நீர்த்துக் கொடுக்கும் முறைக்குத் தேவை. ஆகவே ஒரு முறையில் கிடைத்த விடையை மற்றதற்குப் பொருத்தாதீர்கள்.