மரநாய்க் காபி: வாசகர் கேள்விகள்

கேள்வி: இந்தோனேசியாவின் ‘கோப்பி லுவாக்’ காபி, மரநாயின் எச்சத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று படித்தேன். இத்தனை விலை கொடுக்கும் அளவுக்கு அந்த விலங்கு அதில் என்னதான் செய்கிறது? அதைக் குடிப்பது பாதுகாப்பானதா?

பதில்: மரநாய் செய்யும் முதல் வேலை தேர்ந்தெடுப்பது. இரவில் தனியே மரமேறித் திரியும் இவ்விலங்கு, மோப்பம் பிடித்து நன்கு கனிந்த காபிப் பழங்களையே தேடித் தின்கிறது. பழத்தின் இனிப்பான சதை செரித்துவிட, கொட்டை மட்டும் தன் தடித்த மேலுறை குலையாமல் எச்சத்தோடு வெளியே வந்துவிடுகிறது. அந்த உறையையும் கடந்து செரிமான நீர் உள்ளே ஊடுருவுகிறது என்பதை, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாசிமோ மார்கோனே 2004-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நுண்ணோக்கியில் பார்த்தபோது கொட்டையின் மேற்பரப்பில் நுண்குழிகள் தென்பட்டன. புரதங்களில் ஒரு பகுதி சிதைந்திருந்தது. வறுக்கும்போது கசப்பு உண்டாவதில் புரதங்களுக்கும் பங்கு உண்டு என்பதால், இக்காபியில் கசப்பு சற்றுத் தணிந்திருப்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. கொட்டைகளை நன்கு கழுவி, உலர்த்தி, உறை நீக்கி, கடும் வெப்பத்தில் வறுக்கிறார்கள்; ஆகவே முறையாகப் பதப்படுத்தியதைக் குடிக்க அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், காபியைச் சுவைத்து மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட பலர் இதை மென்மையான காபி என்று ஒப்புக்கொள்வார்களே தவிர, தலைசிறந்த காபி என்று சொல்வதில்லை. நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அதன் கதைக்கே போகிறது என்பது என் கருத்து.

கேள்வி: ‘காட்டில் சேகரித்தது’ என்று அச்சிட்ட பொட்டலத்தை நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்காமலிருப்பதே நல்லது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் 1830-இல் கட்டாயச் சாகுபடி முறையைக் கொண்டுவந்த காலத்தில், தாங்கள் விளைவித்த காபியைத் தாங்களே பறித்துக் குடிக்க முடியாத உழவர்கள், தோட்டத்தில் கிடந்த எச்சத்திலிருந்து கொட்டைகளைப் பொறுக்கி வறுத்துக் குடித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அப்படிப் பொறுக்குவதில் விலங்குக்கு எந்தத் துன்பமும் இல்லை. தேவை பெருகியபின் மரநாய்களைக் காட்டில் பொறிவைத்துப் பிடித்துக் கூண்டில் அடைக்கத் தொடங்கினார்கள். பாலித் தீவின் 16 தோட்டங்களில் இருந்த 48 மரநாய்களைப் பார்த்து 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவற்றின் நிலை மிக மோசமாக இருந்ததைப் பதிவு செய்தது. பகலில் உறங்க வேண்டிய விலங்கு, பாதத்தை அறுக்கும் கம்பித் தரையில், பார்வையாளர்களின் இரைச்சலுக்கு நடுவே ஓயாமல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பது எனக்குத் தாங்க முடியாத கொடுமையாகப் படுகிறது. கூண்டுக்குள் கொட்டப்படும் பழங்களைத் தின்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. எனவே இந்தக் காபிக்குப் பெருமையாகச் சொல்லப்படும் அந்தத் தேர்வும் அங்கே நடப்பதில்லை. காட்டுக் கொட்டையையும் கூண்டுக் கொட்டையையும் குடித்துப் பார்த்துப் பிரித்தறிய நம்மால் இயலாது. பொட்டலத்தின் மேலுள்ள வாசகம் அதற்குச் சான்றும் ஆகாது. 1991-இல் இக்காபியை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று அறிமுகப்படுத்திய டோனி வைல்ட் என்பவரே, 2013-இல் இதை வாங்க வேண்டாம் என்று கேட்டுப் பரப்புரை தொடங்கினார்.