சிறுநீரக மருத்துவ ஆராய்ச்சியில் உங்களை அதிகம் பாதித்த கண்டுபிடிப்பு எது?

டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக இருப்பதால் இந்தக் கேள்வியை என்னிடம் தள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது. யோசிக்கவே வேண்டாம். பெல்ஜியத்தின் சிறுநீரக மருத்துவர் ழான்-லூயி வான்ஹெர்வெகெம் கண்டறிந்ததுதான்.

1992-இல் பிரஸ்ஸல்ஸில் அவருடைய சிறுநீரகப் பிரிவுக்கு ஐம்பது வயதுகூட ஆகாத இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவருக்கும் சிறுநீரகம் வெகுவேகமாகப் பழுதாகிக்கொண்டிருந்தது. பயாப்ஸி எடுத்தால் ரத்தத்தை வடிகட்டும் முடிச்சுகள் ஓரளவு தப்பியிருக்கின்றன, நுண்குழல்களைச் சுற்றியுள்ள சதை மட்டும் தழும்பேறிக் கிடக்கிறது. விசாரித்ததில் இருவரும் உடல் மெலிய ஒரே கிளினிக்கில் மாத்திரை வாங்கியவர்கள் என்று தெரிந்தது. அந்த கிளினிக் பல வருடங்களாக எந்தப் புகாரும் இல்லாமல் நடந்துவந்த இடம். 1990-இல்தான் கலவையில் இரண்டு சீன மூலிகைகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

நகரத்தின் மற்ற சிறுநீரகப் பிரிவுகளில் கேட்டுப் பார்த்தார். இன்னும் ஏழு பெண்கள். 1993-இல் லான்செட் இதழில் ஒன்பது பேரின் கதையும் வந்தது. பிறகு எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

எனக்குத் தூக்கம் கெடுத்தது அடுத்து வரும் விஷயம். சீட்டில் எழுதியிருந்தது ஸ்டெஃபானியா என்ற கொடியின் பெயர். சீனத்தில் அதை ஃபாங் ஜி என்பார்கள். அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடிக்கும் குவாங் ஃபாங் ஜி என்று பெயர். பெயர் குழம்பியதில் சரக்கு மாறிவிட்டது. 1994-இல் பொடியைச் சோதித்தபோது சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது.

அதோடு முடியவில்லை. 2000-இல் அவருடைய சகா ழோயெல் நோர்ட்டியே முதலான குழுவினர் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். மாத்திரையை எப்போதோ நிறுத்தி, சிறுநீரகமும் போய்விட்ட பெண்களில் 39 பேர், முன்னெச்சரிக்கையாகப் பழைய சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாயையும் எடுத்துவிடச் சம்மதித்தார்கள். எடுத்துப் பார்த்தால் 18 பேருக்குப் புற்றுநோய்.

இடையில் 1995 முதல் 2000 வரை வான்ஹெர்வெகெம் பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் ரெக்டராகவும் இருந்தார். நம்மூர்த் துணைவேந்தர் மாதிரியான பதவி. பதவி போகட்டும், அவர் பிடித்த நூலின் மறுமுனை எங்கே இருந்தது தெரியுமா? பால்கன் நாடுகளில், டான்யூப் ஆற்றின் கிளைகளையொட்டிய கிராமங்களில் 1950களிலிருந்தே ஒரு சிறுநீரக நோய் காரணம் தெரியாமல் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டோலோக்கியாவின் விதை மாவில் கலந்து ரொட்டியாகியிருக்கிறது. 2007-இல் அமெரிக்காவின் ஆர்தர் கிரோல்மன் குழு அதற்கு வலுவான ஆதாரம் கொடுத்தது.

சரி, பெல்ஜியக் கதை நமக்கெதற்கு என்றால், நம்மூர் ஈசுவரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் இதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். எங்கள் அப்பத்தா வீட்டு வேலியில் ஈசுவரமூலி படர்ந்து கிடக்கும். பாம்பு அண்டாது என்பார், வயிற்றுவலிக்கு வேரைத் தட்டிக் கொடுப்பார். கண்டதையெல்லாம் மேயும் ஆடே தொடாது என்று பெயரிலேயே சொல்லிவைத்த செடியை நாம் சூரணமாக்கிச் சாப்பிடுகிறோம். (ஆடுதான் நம்மைவிட உஷார்.) எல்லா நாட்டு மருந்தும் விஷம் என்று நான் சொல்லவில்லை. பொட்டலத்துக்குள் எந்தச் செடி இருக்கிறது என்று விற்பவருக்காவது தெரியுமா என்பதுதான் என் கவலை.

புதிதாக வருபவர்களிடம், டாக்டர் கேட்டிருந்தாலும், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று நானும் ஒருமுறை கேட்பேன். போன மாதம் ஒரு அம்மா, "மருந்தெல்லாம் ஒண்ணும் எடுக்கலை தம்பி" என்று அடித்துச் சொன்னார். மூன்றாவது வாரம் ஊசி குத்தும்போது பேச்சுவாக்கில், "மூட்டுவலிக்கு ஒரு பொடி மட்டும் ரெண்டு வருசமா சாப்பிடுறேன், அது மருந்தில்லையே" என்றார். மறுமுறை வயர்கூடையில் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். டாக்டரும் நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மூலிகைச் சூரணம் என்று இருந்தது, கீழே ஒரு செல்போன் நம்பர். வேறு ஒன்றும் இல்லை.