மலையின் நீலம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீடு அம்மாபேட்டையில். மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை நீலமாகத் தெரியும். போன மாதம் ஏற்காடு போயிருந்தோம். நான்காம் வகுப்பு படிக்கும் மகள், "இங்க எல்லாம் பச்சையா இருக்கே, அந்த நீலம் எங்கம்மா போச்சு?" என்றாள். "தூரத்துல பார்த்தா அப்படித்தான் தெரியும்" என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை. ஒளிச்சிதறலையெல்லாம் இந்த வயதில் புரியவைக்க முடியுமா?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். நீங்கள் சொன்ன பதிலும் தவறில்லை, பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். தூரம் என்றால் நடுவில் காற்று இருக்கிறது. அவள் தேடும் நீலம் மலையில் இல்லை. உங்கள் மாடிக்கும் மலைக்கும் இடையே உள்ள அந்தக் காற்றில் இருக்கிறது.

இன்று ராத்திரியே காட்டிவிடலாம். கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர், அதில் ஆடை நீக்கிய பால் சில சொட்டு, பின்னால் கறுப்புத் துணி. விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். தண்ணீரில் மெல்லிய நீலம் படரும். டார்ச்சுக்கு நேர் எதிரே வந்து டம்ளர் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் மஞ்சள் தட்டியிருக்கும். நீலம் வழியிலேயே சிதறிவிட, மிச்சம்தான் நேரே வந்து சேர்கிறது. பிறகு துணியை எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் வையுங்கள். நீலம் கண்ணுக்கே தட்டுப்படாது. காடு அடர்ந்த நம் மலைதான் அந்தக் கறுப்புத் துணி. மலை இருட்டாக இருப்பதால்தான் காற்றின் நீலம் எடுப்பாகத் தெரிகிறது.

நீல ஒளியின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர், சிவப்பு 650. அலைநீளம் குறைந்த ஒளிதான் அதிகம் சிதறும் என்பதால், சிவப்பைவிட நீலம் நான்கு மடங்குக்கும் மேல் கூடுதலாகச் சிதறும். ஆங்கில இயற்பியலாளர் ராலே 1871-இல் கண்ட கணக்கு இது. இது உங்களுக்கு. அவளுக்கு டம்ளர் போதும். 'சிதறல்' என்ற சொல்லைக்கூடப் பார்த்து முடித்த பிறகு சொல்லுங்கள்.

"ஏற்காட்டு மூடுபனி மட்டும் ஏன் வெள்ளை?" என்று அடுத்துக் கேட்பாள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும்.

அடுத்த முறை வானம் தெளிந்த காலையாகப் பார்த்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், லேடீஸ் சீட் காட்சிமுனையில் அவளை நிறுத்துங்கள். கீழே சேலம், அதற்கு அப்பால் இருக்கும் மலைகள் நீலமாக நிற்கும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், அவளே உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.