மியூடூ கடைசியில், நிடோகிங் முதலில்: வாசகர் கேள்வி–பதில்

போக்கிமான் என்ற உயிரினங்களைப் பிடித்து வளர்த்துச் சண்டையிட வைக்கும் போக்கிமான் ரெட், புளூ கேம்களுக்குப் போன இதழில் ஒரு தரவரிசை போட்டிருந்தோம். கதையை ஆரம்பித்து சாம்பியனை ஜெயிக்கும்வரை எந்தப் போக்கிமான் எவ்வளவு கைகொடுக்கும் என்பதுதான் கணக்கு. கடிதங்கள் நிறைய வந்தன, பலவற்றில் கோபம் தெரிந்தது. பதில் சொல்ல வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கேமிலேயே பெரிய பலசாலி மியூடூ. அதைக் கடைசி வரிசையில் போட்டது என்ன நியாயம்?

மியூடூ இருக்கும் செருலியன் குகை வாசலில் ஒருவர் வழிமறித்து நிற்பார். கதையின் கடைசியில் வரும் நான்கு பெரிய வீரர்களான எலைட் ஃபோரையும் சாம்பியனையும் ஜெயித்த பிறகுதான் நகருவார். 70ஆவது லெவலில் அது கைக்கு வரும்போது கதையில் அடிக்க ஆளே மிச்சமில்லை, அப்புறம் அந்தப் பலத்தை வைத்து என்ன செய்வது? பலத்தை மட்டும் பார்க்கிற பட்டியல் வேறு, பயனைப் பார்க்கிற பட்டியல் வேறு. எப்போது கிடைக்கிறது, வளர்க்க எவ்வளவு பாடுபட வேண்டும், வழியில் வரும் பெரிய சண்டைகளில் எத்தனையைத் தாங்கும், இந்த மூன்றையும்தான் பார்த்தோம்.

டிராகோனைட்டைக் கீழே இறக்கியதற்கும் இதுவே காரணம். டிராட்டினியைப் பிடித்து 30ஆவது லெவலில் டிராகோனேர் ஆக்கி, 55ஆவது லெவல்வரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். போதாததற்கு, எக்ஸ்பி (லெவல் ஏற வேண்டிய அனுபவப் புள்ளி) நிறைய கேட்டு மெதுவாக வளர்கிற கூட்டத்தைச் சேர்ந்தது. எலைட் ஃபோர் வாசலுக்கு வரும்போதுதான் ஏதோ ஒரு மாதிரி தயாராகும், அதுவரை டீமில் உள்ள மற்ற ஐந்து பேர்தான் அதைச் சுமக்க வேண்டும்.

கேள்வி: முதலிடத்தில் நிடோகிங்கா? அதன் ஸ்டாட்ஸ் (பலம், வேகம் போன்ற எண்கள்) எல்லாம் நடுத்தரம்தானே?

நடுத்தரம்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அது வருகிற நேரத்தைப் பாருங்கள். விரிடியன் நகரத்துக்கு மேற்கே 22ஆம் ரூட்டில், முதல் ஜிம்முக்கு (வழியில் ஜெயிக்க வேண்டிய தலைவர் இருக்கும் இடம்) முன்பே, ஆண் நிடோரான் கிடைக்கிறது. 16ஆவது லெவலில் நிடோரினோ. மூன் ஸ்டோன் என்ற கல் மவுண்ட் மூனிலேயே கிடக்கிறது, எடுத்துக் கொடுத்தால் உடனே நிடோகிங். மிஸ்டியின் ஜிம்முக்குள் நுழையும் முன்பே முழுதாக எவால்வ் ஆன (கடைசி வடிவத்துக்கு மாறிய) ஒரு போக்கிமான் உங்கள் டீமில் நிற்கிறது, அந்த நேரத்தில் எதிரில் வருகிறவர்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன போக்கிமான்களை வைத்துக்கொண்டு திணறுவார்கள். 23ஆவது லெவலில் த்ராஷ் என்ற மூவை (தாக்குதலை) நிடோகிங் கற்றுக்கொள்ளும், நிடோரினோவாகவே வைத்திருந்தால் அந்த மூவ் வராது, அதனால் கல்லைப் பத்திரப்படுத்திக் காத்திருக்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய விஷயம், பலவகை டிஎம்களையும் (மூவ் கற்றுக்கொடுக்கும் பொருள்) வாங்கிக்கொள்கிற அதன் குணம். ஜிம் தலைவர் சர்ஜ் தரும் தண்டர்போல்ட், செலடான் கடை மொட்டைமாடியில் தாகத்தோடு நிற்கிற சிறுமிக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தால் அவள் தரும் ஐஸ் பீம், சில்ஃப் கட்டடத்தில் கிடைக்கும் எர்த்க்வேக், சஃபாரி ஜோனில் கிடைக்கும், தண்ணீரைக் கடக்கவும் உதவும் சர்ஃப். நான்கையும் ஒரே நிடோகிங்குக்குக் கற்றுக்கொடுக்கலாம், அதற்குப் பிறகு யார் எதிரே வந்தாலும் அடிக்க ஏதாவது ஒரு மூவ் இருக்கும். சைக்கிக் டைப் வைத்திருக்கும் சப்ரினாவின் ஜிம்மில் மட்டும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், விஷ டைப் என்பதால் சைக்கிக் அடி தாங்காது.

கேள்வி: ட்ரேட் செய்ய எனக்கு ஆள் இல்லை. கடாப்ராவோடு நின்றுபோகிற ஆப்ராவை எதற்குப் பிடிக்க வேண்டும்?

தாராளமாகப் பிடியுங்கள். இன்னொருவரோடு ட்ரேட் செய்தால்தான் கடாப்ரா அலகசாம் ஆகும், ஆகாவிட்டாலும் கடாப்ராவின் ஸ்பெஷல் 120, வேகம் 105, கதையை முடிக்க இது தாராளம். இந்த கேமில் ஸ்பெஷல் ஒரே எண்தான், தாக்குவதற்கும் தாங்குவதற்கும் அதுவே. போதாததற்கு, கோஸ்ட் டைப் அடி சைக்கிக்கைத் தொடாதபடி புரோகிராமில் பிழை இருந்தது, பூச்சி டைப்பிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி மூவ் இல்லை. ஆகவே சைக்கிக் டைப் பயப்பட வேண்டிய எதிரியே இல்லை.

கஷ்டம் ஆரம்பத்தில்தான். ஆப்ராவுக்குத் தெரிந்தது டெலிபோர்ட் மட்டும், 16ஆவது லெவல்வரை முன்னால் நிறுத்தி உடனே வேறொருவரை மாற்றிவிட்டு எக்ஸ்பியைப் பங்குபோட்டுத்தான் வளர்க்க வேண்டும். டிஃபென்ஸ் வெறும் 30 என்பதால் கடித்தாலோ முட்டினாலோ சுருண்டுவிடும். ஆனால் அதுதான் முதலில் அடிக்கும், பெரும்பாலும் அந்த ஒரு அடியே போதும். மச்சோக், கிராவலர் இரண்டும் ட்ரேட் இல்லாமல் பாதியில் நின்றால் அது தெரியும், கடாப்ராவில் அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: சார்மாண்டரை ஸ்டார்டர்களில் (ஆரம்பத்தில் தேர்ந்தெடுக்கும் மூன்று போக்கிமான்களில்) மூன்றாவதாகப் போட்டு எங்கள் மனதைப் புண்படுத்திவிட்டீர்கள்.

வருத்தம் புரிகிறது, ஆனால் முதல் இரண்டு ஜிம்களும் பாறையும் (பிராக்) தண்ணீரும் (மிஸ்டி), சார்மாண்டரோ நெருப்பு டைப். புல் டைப்பான புல்பசாருக்கு 13ஆவது லெவலில் வைன் விப் வந்துவிட்டால் பிராக்கின் ஆனிக்ஸும் சரி, மிஸ்டியின் ஸ்டார்மியும் சரி, பெரிய தலைவலி இல்லை. சார்மாண்டர் பிராக்கிடம் தோற்கும் என்று பலர் நினைப்பது தவறு, ஆனிக்ஸின் ஸ்பெஷல் 30தான் என்பதால் எம்பர் ஓரளவு வேலை செய்யும், மிஸ்டியிடம்தான் உண்மையான சிக்கல். இன்னொன்று, இறக்கை வைத்த சாரிசார்டுக்கு ரெட், புளூவில் ஃப்ளை (பறக்கும் மூவ்) கற்றுக்கொடுக்கவே முடியாது!

கேள்வி: மவுண்ட் மூன் பக்கத்தில் 500 கேட்டு விற்கும் மாஜிகார்ப்பை வாங்கலாமா?

மிஸ்டிக்கு முன்பே கியராடோஸ் வேண்டுமென்றால் வாங்கலாம். பொறுமை இருந்தால் வெர்மிலியனில் தூண்டிலே இலவசம். இரண்டு வழியிலும் 5ஆவது லெவலிலிருந்து, மாஜிகார்ப் கியராடோஸாக மாறும் 20வரை சுமக்கத்தான் வேண்டும்.

கேள்வி: மியூடூ தாமதமாக வருகிறது என்கிறீர்கள். சாப்டோஸும் தாமதம்தானே, அதற்கு மட்டும் ஏன் மேல் வரிசை?

நல்ல கேள்வி. மின்சாரப் பறவையான சாப்டோஸ் பவர் பிளாண்டில் இருக்கிறது, சர்ஃப் கிடைத்ததும் போய்ப் பிடிக்கலாம். 50ஆவது லெவலில் வருவதால் வளர்க்க வேண்டிய வேலையும் இல்லை. தண்டர்போல்ட்டை நிடோகிங்குக்குக் கொடுக்காமல் இதற்கென்று வைத்திருந்தால், எலைட் ஃபோரில் பலரைச் சமாளிக்கலாம்: லோரலையின் ஐந்து பேரில் ஜின்க்ஸைத் தவிர மற்ற நான்கும் மின்சாரம் தாங்காத தண்ணீர் டைப், லான்ஸின் கியராடோஸுக்கோ நான்கு மடங்கு அடி. புரூனோவின் சண்டைக்காரர்களுக்கு ட்ரில் பெக் என்ற மூவ். கடைசி மணி நேரத்தில் வந்தாலும் மிகக் கடினமான சண்டைகளில் அது நிற்கிறது, மியூடூவுக்கு அப்படி ஒரு சண்டைகூட இல்லை.

ஆர்டிகூனோவும் 50ஆவது லெவல்தான், 51இல் பிலிசார்ட் கற்றுக்கொண்டு லான்ஸின் டிராகன்களைப் பார்த்துக்கொள்ளும். மோல்ட்ரஸ் அப்படியில்லை. விக்டரி ரோட்டில், கிட்டத்தட்ட எல்லாம் முடிகிற இடத்தில் கிடைக்கிறது, நல்ல நெருப்பு மூவ் வேண்டுமென்றால் ஜிம் தலைவர் பிளெய்ன் தரும் ஃபயர் பிளாஸ்ட் டிஎம்மைத்தான் செலவழிக்க வேண்டும். அதனால்தான் மூன்று பறவைகளில் அது மட்டும் மூன்று வரிசை கீழே போனது.