பிழையை யாரும் சொல்லாத தையல் லைன்

போனஸ் அறிவித்தும் உங்கள் லைனில் யாரும் தையல் பிழையை முன்கூட்டிச் சொல்வதில்லை, எல்லாம் கடைசி செக்கிங்கில்தான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ போனஸ் இங்கே விஷயமே இல்லை. ஒருவர் பீஸைத் தூக்கிக் காட்டியதும் உங்கள் வாயில் முதலில் வருவது என்ன? “யார் தைச்சது?” என்றால் அடுத்த முறை அப்படிப்பட்ட பீஸ் சத்தமில்லாமல் மற்ற பீஸ்களோடு கட்டில் சேர்ந்து போய்விடும். “மெஷின்ல என்ன?” என்று கேட்டுப் பாருங்கள், ஊசி மழுங்கியது, நூல் அறுவது எல்லாம் தானாக வெளிவரும்.

டொயோட்டா கார் ஆலையில் பிழையைக் கண்ட தொழிலாளி, அதைச் சொல்வதற்கென்றே லைனில் கட்டியிருக்கும் கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் உடனே அவரிடம் வருவார், உதவிக்கு. குறித்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும். கயிறு யாரும் கட்டலாம்; அப்படி வந்து நிற்கிற ஆள்தான் கிடைப்பதில்லை.

ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1996-ல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வில், தலைமை நன்றாக இருந்த குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே சொல்லப் பயமில்லை என்பது அவர் விளக்கம். அதனால் முதலில் உங்கள் கணக்கிலும் பிழை கூடலாம், பதறாதீர்கள். மேனேஜரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

அப்புறம், அவர்களுக்குப் பீஸ் ரேட்டா, அதாவது தைத்த பீஸ் கணக்கில்தான் கூலியா? அப்படியென்றால் மெஷினை நிறுத்திச் சொல்கிற நேரம் அவர்கள் காசு. அதை ஈடுகட்டாமல் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பலனில்லை.