கேம் கோப்புகள் துண்டு துண்டாகக் கிடந்தால்: கணினி கேள்வி பதில்

கேள்வி: என் மகனுடைய கணினியில் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அதன் டி டிரைவில், 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும் ஒரு கேமை வைத்திருக்கிறான். முதலில் சீக்கிரம் திறந்துகொண்டிருந்த கேம், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மெதுவாகிக்கொண்டே வந்து, இப்போது ஒரு கட்டம் திறக்க நான்கைந்து நிமிடம் ஆகிறது. இரவு முழுவதும் டிஃப்ராக் ஓடவிட்டால் சரியாகிவிடும் என்கிறான் அவன் நண்பன். கடைக்காரரோ ஃபார்மட் செய்துவிடலாம் என்கிறார். டிரைவில் 3 சதவீதம்தான் சிதறியிருப்பதாக விண்டோஸ் காட்டுகிறது. யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஃபார்மட் தேவையே இல்லை. சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் ஓரளவு உதவக்கூடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இரவு முழுவதும் ஓடவிட வேண்டாம்.

முதலில் வட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு வேலி நிலம் ஒரே தாக்காக இருந்தால் அறுவடை இயந்திரம் இறங்கிய வேகத்தில் அறுத்துக்கொண்டே போகும். அதே 20 மா நிலம் 20 இடங்களில் சிதறிக் கிடந்தால், அறுக்கிற நேரத்தைவிட வயலுக்கு வயல் போய்ச் சேருகிற நேரமே அதிகமாகிவிடும். ஹார்டு டிஸ்க்கின் வாசிப்பு முனைக்கும் இதே கதிதான். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பு, கோப்புகளைப் பெரும்பாலும் 4 கேபி அளவுள்ள சிறு கட்டங்களில் இடம் ஒதுக்கிச் சேமிக்கிறது. கட்டங்கள் அடுத்தடுத்து இருந்தால் முனை இருந்த இடத்திலிருந்தே வாசிக்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் நகர்ந்து போக வேண்டும்.

இதற்குக் கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு, ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, முனை நகர்வதற்குச் சுமார் 10 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு தாவலுக்கு ஏறக்குறைய 14 மில்லி விநாடி ஆகிறது. கேம் திறக்கும்போது 20,000 துண்டுகளைத் தேடிப் போக நேர்ந்தால், தாவுவதற்கு மட்டுமே 280 விநாடி, அதாவது நான்கரை நிமிடத்துக்கு மேல் போய்விடும். மடிக்கணினிகளில் முன்பு பரவலாக இருந்த 5400 சுழற்சி வட்டு என்றால் இன்னும் கூடுதலாகும்.

உங்களைக் குழப்பிய அந்த 3 சதவீதத்துக்கு வருகிறேன். விண்டோஸின் டிஃப்ராக் கருவி, 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைச் சிதறல் கணக்கில் சேர்ப்பதில்லை. இது குறையன்று; சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். விநாடிக்கு 100 எம்பி வாசிக்கும் வட்டுக்கு 64 எம்பியை வாசிக்கவே 640 மில்லி விநாடி ஆகும். அதன் முன்னால் 14 மில்லி விநாடித் தாவல் ஒரு பொருட்டில்லை. எனவே பெரிய கேம் கோப்பு ஆயிரம் துண்டுகளாக இருந்தாலும், அவை பெருந்துண்டுகளாக இருக்கும்வரை கவலை வேண்டாம். ஆனால் அந்தச் சதவீதம் டிரைவ் முழுவதற்குமானது என்பதை மறந்துவிடக் கூடாது. 1 டெராபைட்டில் 3 சதவீதம் சுமார் 30 ஜிபி. அந்த 30 ஜிபியும் உங்கள் மகன் விளையாடும் அந்த ஒரே கேமுக்குள் இருக்கவும் வாய்ப்புண்டு. அதைத் தெரிந்துகொள்ள, மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் ‘கான்டிக்’ என்ற சிறு கருவி போதும். கமாண்டு பிராம்ப்ட்டில் இயக்க வேண்டிய இக்கருவி, ஒரு குறிப்பிட்ட கோப்பு எத்தனை துண்டுகளாக இருக்கிறது என்று சொல்லும். தேவைப்பட்டால் அந்த ஒரு கோப்பை மட்டும் ஒன்றுசேர்க்கவும் செய்யும். எண்ணிக்கை சில நூறு என்றால் விட்டுவிடுங்கள். பல்லாயிரம் என்றால் சரிசெய்வது பயன் தரும்.

அப்டேட்டுக்குப் பிறகு மெதுவாவதற்குக் காரணம் இருக்கிறது. கேம்களை விற்று, இறக்கித் தரும் ஸ்டீம் போன்ற தளங்கள் மாறிய கோப்பைப் பழைய கோப்புக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டி, முடிந்த பிறகே பழையதை நீக்குகின்றன. ஆகவே 50 ஜிபி கோப்பு ஒன்றில் சிறு மாற்றம் வந்தாலும், இன்னொரு 50 ஜிபிக்கு இடம் தேவைப்படலாம். டிரைவ் ஏறக்குறைய நிரம்பியிருந்தால், மிச்சமிருக்கும் இடம் சில்லறை சில்லறையாகவே கிடக்கும். புதிய கோப்பு அந்தச் சில்லறைகளில்தான் போய் உட்காரும். இதனால்தான், டிஃப்ராக்கைத் தொடும் முன் இடத்தைக் காலி செய்யுங்கள் என்று வற்புறுத்துகிறேன். டிஃப்ராக் முழுமையாக வேலை செய்யக் குறைந்தது 15 சதவீதம் காலியாக இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. உங்கள் வட்டில் அது சுமார் 140 ஜிபி.

இடம் கிடைத்த பிறகு, பெரிய கேமுக்கு டிஃப்ராக்கைவிட நல்ல வழி ஒன்றுண்டு. வேறொரு டிரைவ் இருந்தால், ஸ்டீமிலேயே உள்ள இடமாற்றும் வசதியைக் கொண்டு கேமை அங்கே நகர்த்தி, பிறகு திரும்பக் கொண்டுவாருங்கள். காலியான பெரிய இடத்தில் ஒரே மூச்சில் எழுதப்படுவதால் கோப்பு பெரும்பாலும் ஒன்றாகவே அமையும். டிஃப்ராக்கோ அதே வட்டில் ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் வைக்கிற வேலை. முனை முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் செய்தாலும் ஓர் எல்லை இருக்கிறது. கோப்பு ஒரே துண்டாக இருந்தாலும், கேம் அதை வரிசையாக வாசிப்பதில்லை. ஒரு மரத்தின் படம் இங்கே, ஓர் ஒலி அங்கே என்று கோப்புக்குள்ளேயே தாவித் தாவி எடுக்கிறது. இந்தத் தாவலைக் குறைக்கக் கேம் தயாரிப்பாளர்கள் ஒரே தகவலைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதி வைப்பதும் உண்டு. சோனியின் மார்க் செர்னி 2020 மார்ச்சில் அளித்த விளக்கவுரையில், ஸ்பைடர்மேன் கேமில் சில தகவல்கள் ஹார்டு டிஸ்க்கில் 400 முறை இடம்பெற்றிருந்ததாகக் குறிப்பிட்டார். கேம்களின் அளவு இப்படி வீங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே அந்த ஒரு கேமுக்காவது சுழலும் வட்டுக்குப் பதில் சிப்பில் தகவலைச் சேமிக்கும் சிறிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாட்டுவதே நிலையான தீர்வு.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. வட்டு பழுதாகத் தொடங்கினாலும் இதே போலத்தான் மெதுவாகும். ‘கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் வட்டின் நிலையைப் பாருங்கள். ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ (வாசிக்கத் தடுமாறும் பகுதிகள்) என்ற வரியில் பூஜ்யம் அல்லாத எண் இருந்து, மேலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை தெரிந்தால், டிஃப்ராக் பக்கமே போகாதீர்கள். தளர்ந்த வட்டை மணிக்கணக்கில் ஓட்டுவது அதை ஒரேயடியாகச் சாய்த்துவிடக்கூடும். கேமை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். குடும்பப் புகைப்படங்களை இறக்க முடியாது. அவற்றை அன்றைக்கே வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

கேள்வி: டிஃப்ராக் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் அழிந்துவிடுமா? எங்கள் பகுதியில் சொல்லாமல் கொள்ளாமல் போகிறது.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் அழியாது. விண்டோஸ் ஒரு துண்டைப் புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே, கோப்பின் குறிப்பில் அந்த இடத்தை மாற்றுகிறது. அந்த மாற்றத்தையும் என்டிஎஃப்எஸ் தனிப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கும் வட்டுக்கு மின்சாரம் திடீரென நிற்பது நல்லதன்று. சாதாரண யுபிஎஸ் தரும் சில நிமிடங்களே ‘ஸ்டாப்’ பொத்தானை அழுத்திக் கணினியை முறையாக அணைக்கப் போதும். இடையில் நிறுத்துவதால் கெடுதி இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் தொடங்காதீர்கள்.

கேள்வி: என் கேம்கள் யுஎஸ்பி வெளி வட்டில் இருக்கின்றன. விண்டோஸ் அதை டிஃப்ராக் செய்ய மறுக்கிறது. எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் செய்யலாமா என்பதையும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: எஸ்எஸ்டிக்கு வேண்டாம். அதில் நகரும் முனை இல்லாததால் பலன் மிகக் குறைவு, தேய்மானம்தான் கூடும். விண்டோஸ் ‘டிரிம்’ என்ற பராமரிப்பைத் தானாகவே செய்துகொள்ளும்.

உங்கள் வெளி வட்டு எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கக்கூடும். விண்டோஸின் கருவி அம்முறையைக் கையாளாது. டிரைவின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்ட்டீஸ்’ பார்த்தால் உறுதியாகிவிடும். அப்படியானால் கேம்களைக் கணினிக்கு நகலெடுத்து, வெளி வட்டை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றி, ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதுங்கள். இரண்டு மூன்று கேம்களை ஒரே நேரத்தில் எழுதவிட்டால் அவை ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மறுபடியும் சிதறக்கூடும்.