அருவியை மறைத்த பாலம்: கிரீன்வில் நகரத்தின் பூங்காக் கணக்கு (கேள்வி பதில்)

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கிரீன்வில், 2020 கணக்கெடுப்பின்படி 70,720 பேர் வாழும் நகரம். நெசவாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்த அந்த ஊர், ஆற்றங்கரைப் பூங்கா, மிதிவண்டிப் பாதை, விளையாட்டரங்கம் ஆகியவற்றில் பணம் போட்டுத் தன் பொருளாதாரத்தை நிமிர்த்திக்கொண்டது என்று நகரமைப்பைப் பற்றிப் பேசுகிற பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் எவ்வளவு உண்மை என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நகரமைப்புத் துறையில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்): ஒரு பூங்காவால் ஊரின் வருமானம் எப்படி உயரும்? அங்கே அப்படி என்னதான் செய்தார்கள்?

அவர்கள் செய்த மிகப் பெரிய வேலை, ஒரு பாலத்தை இடித்ததுதான். கிரீன்வில் நகரத்தின் நடுவே ரீடி என்ற சிற்றாறு ஓடுகிறது. பிரதான கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் அது பாறைகளின் மேல் அருவியாக விழுகிறது. ஊர் தோன்றியதே அந்த அருவியை ஒட்டித்தான். ஆனால் பிற்காலத்தில் கரையெங்கும் ஆலைகள் எழுந்தன. ஆலைகளில் அன்றைக்கு என்ன சாயம் போடுகிறார்கள் என்பதை ஆற்றின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று முதியவர்கள் பேசிக்கொள்ளும் நிலைக்கு ஆறு வந்தது. நொய்யலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு, 1960ஆம் ஆண்டில் நான்கு வழிச் சாலையைத் தாங்கிய கேம்பர்டவுன் பாலம் சரியாக அருவியின் தலைக்கு மேல் கட்டப்பட்டது. உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்த பலர், தங்கள் ஊரில் அருவி இருப்பதே தெரியாமல் அதன் மேல் காரோட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

1967இல் ஒரு மகளிர் தோட்டக்கலைச் சங்கம் நகராட்சியின் துணையோடும், அருகில் பழைய வளாகத்தைக் கொண்டிருந்த ஃபர்மன் பல்கலைக்கழகத்தின் துணையோடும் ஆற்றங்கரையில் 26 ஏக்கரைத் துப்புரவு செய்யத் தொடங்கியது. அந்தப் பெண்கள்தான் பாலத்தை அகற்ற வேண்டும் என்று பல்லாண்டுகள் விடாமல் கேட்டவர்கள். 1995இன் இறுதியில் மேயரான நாக்ஸ் வைட் அந்தக் கோரிக்கையைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். பாலம் மாநில நெடுஞ்சாலைத் துறையின் உடைமையாக இருந்ததால், முதலில் அதை நகராட்சியின் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2002இல்தான் இடிக்க முடிந்தது. 2004இல் பூங்கா திறக்கப்பட்டபோது அதே இடத்தில், மிகுவேல் ரோசாலெஸ் வடிவமைத்த, ஒரு பக்கம் மட்டும் வடம் தாங்குகிற வளைந்த நடைபாலம் வந்திருந்தது. அந்த நடைபாலத்துக்கு 45 லட்சம் டாலரும், அது உட்படப் பூங்கா முழுமைக்கும் ஏறத்தாழ 1.3 கோடி டாலரும் செலவாயின.

அதற்குப் பிறகு தனியார் முதலீடு வந்தது. ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்ற மனைகளில், ஆற்றைப் பார்த்த விடுதிகளும் அலுவலகங்களும் அடுக்ககங்களும் எழுந்தன; அவற்றின் சொத்து வரி நகராட்சிக்கு வந்தது. பூங்கா பணம் ஈட்டுகிற வழி இதுதான்: தனக்குள் எதையும் விற்காமல், தன்னைச் சுற்றியுள்ள நிலத்தின் மதிப்பை உயர்த்துகிறது.

கேள்வி (தணிக்கையாளர், கோயம்புத்தூர்): அந்த 1.3 கோடி டாலர் யாருடைய பணம்? கடனா, வரியா?

இதுதான் இந்தக் கதையில் எல்லாரும் தாண்டிப்போகும் இடம். எனக்கோ இதுதான் முக்கியம். தென் கரோலினாவில் உணவகங்களில் விற்கும் சமைத்த உணவின் மீதும் பானத்தின் மீதும் 2 சதவீதம் வரை உள்ளூர் விருந்தோம்பல் வரி விதிக்க நகராட்சிகளுக்கு மாநிலச் சட்டம் அதிகாரம் தருகிறது. அந்தப் பணத்தைச் சுற்றுலாவோடு தொடர்புடைய பணிகளுக்கு மட்டுமே செலவிடலாம் என்ற கட்டுப்பாட்டையும் அதே சட்டம் வைத்திருக்கிறது. பூங்காவுக்கான பணத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. நடைபாலத்தின் பெயருக்கும் பராமரிப்புக்கும் தனியார் நன்கொடைகள் சேர்ந்தன.

வெளியூர்க்காரர் ஒருவர் சாப்பிட வந்தால் அவர் தட்டிலிருந்து இரண்டு காசு பூங்காவுக்குப் போகிறது. பூங்கா நன்றாக இருந்தால் இன்னும் சிலர் சாப்பிட வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களும் வெளியே சாப்பிடும்போது அந்த வரியைக் கட்டத்தான் செய்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும், வீட்டு வரியை உயர்த்தாமல் ஒரு பொதுப்பணிக்குப் பணம் கிடைத்தது அரசியல் அளவில் பெரிய வசதி. குடிநீருக்கும் சாக்கடைக்கும் போக வேண்டிய பணத்தைப் பூங்காவில் கொட்டுகிறார்கள் என்று யாரும் வாதாட முடியாமல் சட்டமே வாயை அடைத்துவிட்டது.

கேள்வி (பெயர் குறிப்பிடாதவர்): உறுதியாக இருந்த பாலத்தை இடிக்க மக்கள் ஒப்புக்கொண்டார்களா?

பலர் ஒப்புக்கொள்ளவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டே ஆன பாலத்தை அழகுக்காக இடிப்பது வீண்செலவு என்றும், போக்குவரத்து முடங்கிவிடும் என்றும் கடுமையான எதிர்ப்பு இருந்தது. இடித்த பிறகு வண்டிகள் மற்ற தெருக்களில் பிரிந்து போயின, அவ்வளவுதான்.

கேள்வி (பொறியாளர், சென்னை): அந்த ஊருக்கு அருகே பி.எம்.டபிள்யூ. கார் தொழிற்சாலையும் மிஷலின் டயர் நிறுவனமும் இருக்கின்றனவே. வளர்ச்சிக்குக் காரணம் அவையா, பூங்காவா?

நல்ல கேள்வி, பூங்காவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. பி.எம்.டபிள்யூ. 1992இல் அறிவித்து, 1994இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை, கிரீன்வில்லுக்கும் ஸ்பார்ட்டன்பர்க்குக்கும் இடையே கிரியர் என்ற ஊரையொட்டி இருக்கிறது. மிஷலினின் வட அமெரிக்கத் தலைமையகம் கிரீன்வில்லிலேயே இருக்கிறது. நெசவு போன இடத்தில் சம்பளத்தைக் கொண்டுவந்தவை இத்தகைய ஆலைகளும் அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யும் நிறுவனங்களுமே. அவை பூங்காவுக்குப் பத்தாண்டு முன்பே வந்துவிட்டன.

பூங்காவுக்கு நான் கொடுக்கும் பங்கு வேறு வகையானது. சம்பளம் வாங்குகிறவர் எந்த ஊரில் குடியிருக்கிறார், எந்தத் தெருவில் செலவழிக்கிறார் என்பதை ஆலை தீர்மானிப்பதில்லை. நெடுஞ்சாலையோர வணிக வளாகங்களுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தச் செலவை நடுவூருக்குத் திருப்பியதில்தான் பூங்காவின் வேலை இருக்கிறது. அதுவும் தனியாக நடக்கவில்லை. வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்து இங்கே சட்டை ஆலை நடத்திய மேக்ஸ் ஹெல்லர், 1971 முதல் 1979 வரை மேயராக இருந்தார்; ஐரோப்பியத் தெருக்களை மனத்தில் வைத்திருந்த அவருடைய முயற்சியால், நிலத்தோற்ற வடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரினின் திட்டப்படி, நான்கு வழியாக இருந்த பிரதான தெரு இரண்டு வழியாகச் சுருக்கப்பட்டு, அகன்ற நடைபாதையும் மரவரிசையும் வந்தன. 1982இல் அத்தெருவின் வடகோடியில் ஒரு பெரிய விடுதி நகராட்சியின் பங்கோடு திறக்கப்பட்டது. அந்த மரங்கள் நிழல் தரும் அளவுக்கு வளர்ந்த பிறகே தென்கோடியில் அருவி திறந்தது. ஒரு முனையில் விடுதி, மறு முனையில் அருவி, நடுவே நிழல். நடப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. நிழலில்லாத தெருவின் கடைசியில் அருவியை மட்டும் திறந்திருந்தால், காரில் வந்து பார்த்துவிட்டுக் காரில் போயிருப்பார்கள்.

கேள்வி (மிதிவண்டி ஆர்வலர், மதுரை): முயல் பெயரில் ஒரு மிதிவண்டிப் பாதை இருப்பதாகப் படித்தேன். அதற்கும் இதற்கும் தொடர்புண்டா?

உண்டு. மலைகளைக் கடந்து டென்னசி வரை போக எண்ணி, போகாமலே நின்றுவிட்ட ஒரு சிறிய ரயில் தடம் அங்கே இருந்தது. ஊரார் அதற்குச் சூட்டிய கேலிப் பெயர் ‘சதுப்பு முயல்’. ஓட்டம் நின்ற தடத்தை மாவட்ட நிர்வாகம் 1999இல் வாங்கி, 2009இல் நடைபாதையாகவும் மிதிவண்டிப் பாதையாகவும் திறந்தது. உள்ளூர் மருத்துவமனைக் குழுமம் ஒன்று நல்கை கொடுத்து அதில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

பாதையால் கிரீன்வில்லைவிட அதிகம் பயனடைந்தது, வடக்கே சுமார் பத்து மைல் தள்ளியுள்ள டிராவலர்ஸ் ரெஸ்ட் என்ற, எட்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர்தான். மலைக்குப் போகும் வழிப்போக்கர்கள் தங்கிச் சென்றதால் அந்தப் பெயர். புறவழிச் சாலை வந்ததும் வழிப்போக்கர்கள் நின்றுபோனார்கள். இன்று மிதிவண்டியில் வருகிறவர்கள் பசியோடு வருகிறார்கள். காரில் போகிறவர்களைப் போல நிற்காமல் போய்விடுவதில்லை. பாதையோரம் உணவகங்களும் மிதிவண்டிக் கடைகளும் முளைத்தன. ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு, ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேர் பாதையைப் பயன்படுத்துவதாகவும், வெளியூரார் மூலம் ஏறத்தாழ 70 லட்சம் டாலர் வருவதாகவும் மதிப்பிட்டது.

இத்தகைய எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். மாமா வீட்டுத் திருமணத்துக்கு வந்தவர் மாலையில் மிதிவண்டி ஓட்டினால், அவருடைய விடுதிச் செலவு முழுவதையும் பாதையின் கணக்கில் எழுதலாமா? உள்ளூர்க்காரர் திரையரங்குக்குப் போகாமல் பாதையோரம் காபி குடித்தால், ஊருக்குப் புதிதாக என்ன வந்தது? ஆலோசனை நிறுவனங்கள் தரும் அறிக்கைகளில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுங்கள். இல்லையென்றால், சொல்லப்பட்ட தொகையில் பாதியைக்கூட நம்ப வேண்டாம் என்பது என் வழக்கம்.

கேள்வி (விளையாட்டு நிருபர், திருச்சி): விளையாட்டரங்கம் கட்டினால் ஊர் வளருமா? பெரிய நகரங்களில் வளரவில்லை என்கிறார்களே.

அரங்கத்துக்கு அரசு கொடுக்கும் பணம் திரும்பி வருவதில்லை என்பதில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களிடையே அரிதான ஒற்றுமை இருக்கிறது. கிரீன்வில் இதில் பிடிவாதமாக இருந்து தப்பித்தது. அங்கே இருபதாண்டுகளுக்கு மேல் ஆடிவந்த பிரேவ்ஸ் என்ற இரண்டாம் நிலை பேஸ்பால் அணி புதிய அரங்கம் கேட்டது. பேச்சு படியாமல் 2004 பருவத்தோடு மிசிசிப்பி மாநிலத்தின் பேர்ல் என்ற சிறு நகரத்துக்குப் போய்விட்டது. அணியை இழந்த மேயர் என்ற பழியை நாக்ஸ் வைட் சுமந்தார். அடுத்த ஆண்டே வேறோர் அணி வந்தது. அதன் உரிமையாளர்கள் பெரும்பாலும் தங்கள் பணத்திலேயே நடுவூரின் மேற்குப் பகுதியில் அரங்கம் கட்டி 2006இல் திறந்தார்கள். பாஸ்டன் நகர பேஸ்பால் அரங்கத்தின் புகழ்பெற்ற உயரமான பச்சைச் சுவரையே அங்கே சிறிய அளவில் எழுப்பினார்கள். பக்கத்து இடங்களில் குடியிருப்புகள் வந்தன. வந்த அணிக்கு அந்த இடத்தில் ஆட வேண்டும் என்ற ஆசை இருந்ததற்கு, இரண்டு தெரு தள்ளி ஏற்கெனவே கூட்டம் நடமாடியதே காரணம் என்று நான் கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறான வழியில் போன ஊர் இண்டியானா மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டு. 2020இல் 46,410 பேர் வாழ்ந்த அந்நகரம், 400 ஏக்கரில் 31 கால்பந்துத் திடல்களும் 26 பேஸ்பால் திடல்களும் கொண்ட கிராண்ட் பார்க் என்ற வளாகத்தை 2014இல் திறந்தது. பிள்ளைகளின் போட்டிக்காகப் பெற்றோர் வார இறுதியில் வந்து விடுதியில் தங்குவார்கள் என்பதே திட்டம். அவர்கள் வந்தார்கள்; இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சி முகாமும் 2018 முதல், 2020 நீங்கலாக, அங்கே நடந்துவருகிறது. ஆனால் தொடக்கத்தில் ஊருக்குள் விடுதிகள் மிகக் குறைவு என்பதால், வந்தவர்கள் பக்கத்து ஊர்களில் தங்கிச் செலவழித்தார்கள். கடன் மட்டும் வெஸ்ட்ஃபீல்டின் பெயரில் நின்றது. வளாகத்தை விற்பதா, குத்தகைக்கு விடுவதா என்று பின்னாளில் நகர மன்றத்துக்குள் நெடிய சச்சரவு நடந்தது.

கேள்வி (சமூகப் பணியாளர், வேலூர்): நில மதிப்பு உயர்ந்தால் ஏழைகள் என்ன ஆனார்கள்?

பலர் வெளியேறினார்கள். 2000இல் கிரீன்வில் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர்; 2020இல் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஊர் வளர்ந்துகொண்டிருந்த அதே இருபதாண்டுகளில் இது நடந்தது. இதைப் பூங்காவின் மேல் மட்டும் சுமத்த முடியாது; ஆனால் சுற்றியுள்ள நிலத்தின் மதிப்பை உயர்த்தியது என்று பூங்காவைப் புகழ்ந்துவிட்டு, வாடகை உயர்ந்ததற்கு அது பொறுப்பில்லை என்று சொன்னால் அது நேர்மையான கணக்கு ஆகாது.

2022 மே மாதம் திறந்த 60 ஏக்கர் யூனிட்டி பார்க் இந்தக் கடனை ஓரளவு அடைக்க முயன்றது. அது எழுந்த இடத்தின் வரலாறு கசப்பானது: கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய மேபெரி பூங்காவின் பாதியை 1930களில் எடுத்து வெள்ளையர்களுக்கான பேஸ்பால் அரங்கம் கட்டினார்கள், பின்னர் நகராட்சியின் வாகனப் பணிமனை போன்று வேறெங்கும் வேண்டாத எல்லாமே அந்தச் சேரிப் பக்கத்தில் குவிந்தன. புதிய பூங்காவைத் திட்டமிட்டபோது நகராட்சி அருகிலிருந்த தன் நிலத்தில் ஒரு பகுதியைக் குறைந்த வாடகை வீடுகளுக்கென ஒதுக்கியது. சரியான செயல்தான். ஆனால் முதல் பூங்காவுக்கு முன்பே, நிலம் மலிவாக இருந்த நாளில் செய்திருந்தால் அதே பணத்தில் பல மடங்கு வீடுகள் கிடைத்திருக்கும்.

கேள்வி (நகராட்சி உறுப்பினர், தமிழ்நாடு): எங்கள் ஊரில் இதைச் செய்யலாமா?

பணம் திரட்டும் முறையை அப்படியே கொண்டுவர முடியாது. 2017 முதல் உணவக வரியும் விடுதி வரியும் ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டன, இத்தகைய வரிகளில் உள்ளாட்சிகளின் கையில் கேளிக்கை வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்றபடி உங்களுக்கு முக்கியமாக இருப்பது சொத்து வரியும் கடை வாடகையும் மாநில நிதியும்தான். ஆகவே புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு முன், உங்கள் ஊர்க் குளத்தையோ ஆற்றையோ எது மறைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். அகற்றுவதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் கட்டுவதைவிடக் குறைவு, பகைதான் கூடுதல்.

கேள்வி (குற்றாலத்துக்காரர்): கிரீன்வில் அருவியில் குளிக்கலாமா?

கூடாது. சாயம் நின்றுவிட்டது, ஆனால் நகரத்தின் மழைநீரெல்லாம் அந்த ஆற்றில்தான் கலக்கிறது, கிருமிகளும் சேர்ந்தே வருகின்றன. பாறையில் உட்கார்ந்து பார்க்கலாம்; அதற்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.